எல்லா வீட்டிலும் சொன்னது

பெயர் ‘ச’வில் ஆரம்பிக்கும். அதுவரைக்கும் மாசானமுத்துவுக்கு நிச்சயம். சண்முகவேல், சபாபதி, சங்கரலிங்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, தன் பழைய மரக்கடையில் எதிரே உத்தரக்கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவனின் முகத்தில் மாட்டிப் பார்த்தார். ஒன்றும் உட்காரவில்லை. ஒரு வீட்டுக் கதவைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டு நிலையில் மாட்டப் பார்த்தால் மேலே அரை அங்குலம் இடிக்கும், கீழே ஒரு அங்குலம் காற்று வரும், அப்படித்தான் இருந்தது ஒவ்வொரு பெயரும். வந்தவன் கேட்டைத் திறந்தபோதே “அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கியளா” என்று பத்து வருஷம் பழகினவன் மாதிரி சிரித்துவிட்டான். இவரும் “வா வா, என்னப்பா ஆளையே காணும்” என்றார். நாற்பது வருஷமாகக் கைகொடுத்துவரும் வாக்கியம் அது. யார் வந்தாலும் சொல்லலாம். ஆள் யாரென்று பிடிபடுவதற்கு இரண்டு நிமிஷம் கிடைக்கும். வழக்கமாக இரண்டு நிமிஷம் போதும். இன்றைக்கு டீ வந்து, டீ பாதி குடித்து, ஊர்க்கதை முடிந்து, அவன் கண்ணாடித் தம்ளரைக் கட்டைமேல் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, “அப்ப கதவ எடுத்துக்கிடட்டுமா அண்ணாச்சி? வண்டி சொல்லிட்டுதான் வந்தேன்” என்று கேட்கிறவரைக்கும் பிடிபடவில்லை. “எந்தக் கதவு?” என்று வாயில் வந்ததை விழுங்கினார். அவனே தொடர்ந்தான். “கடையத்துல எங்க வீட்டுக் கதவுதான். அன்னைக்கு நீங்க சொன்னியள்லா, கதவு எங்கிட்டதான் இருக்கும், நீ வீடு கெட்டும்போது வந்து எடுத்துக்கோன்னு. வீடு கெட்டியாச்சு. வாசல்ல நிலை வைக்காம உங்க கதவுக்காவத்தான் போட்டு வச்சிருக்கேன்.”

அப்படி ஒன்றை அவர் சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. இடி விழுந்த மாதிரியெல்லாம் இல்லை, ஆற்றில் கால் வைத்தால் படி இருக்கும் என்று வைத்து, படி இல்லாமல் போகிற மாதிரி, அவ்வளவுதான். ஏனென்றால் அந்தக் கதவு போன வாரமே பேசி முடிந்துவிட்டது. கொடைக்கானலில் விடுதி கட்டுகிற கோயம்புத்தூர்க்காரர் கிரிதரன் வந்து, தடவிப் பார்த்து, படம் எடுத்து, இதே இடத்தில் நின்று கையடித்து முடித்துவிட்டுப் போனார். லாரி கிளம்பியாகிவிட்டது. காலையில் டிரைவர் கோவில்பட்டியில் நின்று பேசினான். பதினொன்றரைக்கு இங்கே தாழையூத்துக்கு வந்துவிடும். இப்போது மணி பத்தே முக்கால். பழைய மர வியாபாரத்தில் ரசீது கிடையாது, எழுத்து கிடையாது, வாய்தான். மாசானமுத்து சொன்னால் சொன்னதுதான் என்று நாகர்கோவில் வரைக்கும் பெயர். கோபக்காரன் என்பார்கள், வாயில் நல்ல வார்த்தை வராது என்பார்கள், ஆனால் வாக்கு மாறினான் என்று இந்த அறுபத்து நாலு வயதுக்கு ஒருத்தன் சொன்னதில்லை. நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் “எழுதி வச்சாத்தான் ஞாபகம் இருக்கும்னா அது என்னல வாக்கு” என்று சீறியிருக்கிறார். அந்த வீறாப்பு இப்போது எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பார். ஒரு கதவு, இரண்டு வாக்கு. ஒன்று ஞாபகம் இருக்கிறது, இன்னொன்று இல்லை. ஞாபகம் இல்லாத வாக்கு வாக்கா? அல்லது, இவன் சொல்கிறது நிஜம் என்றால், மறந்துபோனவனுடைய வாக்குக்கு இனிமேல் என்ன மதிப்பு?

கடையம் வீடு ஞாபகம் இருக்கிறது. சவத்த, அதுதான் எரிச்சல். வீடு அச்சாக ஞாபகம் இருக்கிறது. அதை விலைபேசி இடித்து மரம் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. பட்டாசாலைக் கூடம் ஒன்று, அதைச் சுற்றி எட்டுத் தூண், ஏழு தேக்கு, ஒன்று மட்டும் வேம்பு, எப்போதோ எவனோ மாற்றி வைத்தது, மேலே சாயம் பூசி மறைத்திருந்தான். உத்தரம் ஒன்பது. அடுப்படிப் பக்கத்து உத்தரத்தில் கரையான், தட்டினால் டொப் டொப் என்று பழுத்த பலாப்பழம் மாதிரிச் சத்தம். மச்சுக்குப் போகிற ஏணியில் மூன்றாம் படி மட்டும் நடுவில் குழிந்திருந்தது. சன்னல் கம்பி ஒவ்வொன்றும் முறுக்குக் கம்பி. வாசல் கதவு இரட்டைக் கதவு, பர்மாத் தேக்கு, பித்தளைக் குமிழ் பதினாறில் ஒன்று இல்லை. இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த வீட்டுக்குள் மனிதர்கள் இருந்தார்களே, அவர்கள் எங்கே? பட்டாசாலையில் யாரோ நின்றார்கள். ஒரு பொம்பளை அழுதாள், அல்லது அழுதது வேறு வீடோ. இந்த முகம் அங்கே இருந்ததா? தூணுக்குத் தூண் போய்ப் பார்த்தார். தூண் இருக்கிறது, தூணுக்குப் பக்கத்தில் ஒருத்தனும் இல்லை. குடி போன வீடு மாதிரி, மனிதர் கிடந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. இப்படித்தான் ஆரம்பிக்குமோ? மூத்த அண்ணனுக்கு எப்படி ஆரம்பித்தது? அவருக்கும் முதலில் பெயர்தான் போயிற்று. பிறகு தெரு. பிறகு ஒரு நாள் சொந்த மகனைப் பார்த்து “சார், ஆலங்குளம் பஸ் எங்கன நிக்கும்” என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. போன மாதம் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் இவர் வண்டியோடு இரண்டு சுற்று சுற்றினார், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல். முப்பது வருஷமாகப் போகிற சாலை. மூன்றாவது சுற்றில் கை தானாகத் திருப்பிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று நின்று, போடாவிட்டால் என்ன ஆவது என்று போட்டு, அன்றைக்கெல்லாம் தலை சுற்றியது, அதையும் சொல்லவில்லை. ஆனால் பெண்டாட்டிக்குத் தெரியும். பேச்சித்தாய்க்கு எல்லாம் தெரியும். முன்னெல்லாம் இவர் சொன்ன கதையையே சொன்னால் “இத முந்தாநாளே சொல்லிட்டிய, வேற இருந்தா சொல்லுங்க” என்று பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். இரண்டு மாசமாக அப்படிச் சொல்வதில்லை. புதிதாகக் கேட்கிற மாதிரி, கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். அவள் அப்படிப் பொறுமையாகக் கேட்கிறபோதுதான் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

இல்லை, இவன் பொய் சொல்கிறான். ஏன் அப்படி இருக்கக்கூடாது? இந்த எண்ணம் வந்ததும் உடம்பில் சூடு ஏறிற்று, நல்லதாக இருந்தது. கோபம் எப்போதும் அவருக்குக் காலுக்கடியில் தரை. கிழவனுக்கு மறதி என்று எவனோ சொல்லியிருக்கிறான், கதவு நல்ல கதவு என்று தெரிந்திருக்கிறது, ‘அன்னைக்குச் சொன்னிய’ என்று ஒரு தூண்டிலைப் போட்டுப் பார்க்கிறான். இந்தத் தூண்டில் தெரியாதா மாசானமுத்துவுக்கு? அவரே போட்டிருக்கிறாரே. கல்லிடைக்குறிச்சியில், ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் வீட்டில், அப்போது இவருக்கு முப்பது வயது இருக்குமா, அவ்வளவுதான். நாலு கருங்காலித் தூண். போஸ்ட்மாஸ்டர் தர மாட்டேன் என்றார், தூண் தவிர மற்றதை எடுத்துக்கொள் என்றார். அவர் பேச்சு நடுவில் ஒரு வார்த்தைக்காக நின்று நின்று தேடுவதை இவர் பார்த்துவிட்டார். வியாபாரிக்கு வேறென்ன வேலை, எதிராளியின் ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதானே. “என்ன சாமி, போன தடவை வந்தப்ப தூணையும் சேத்துத்தான தாரேன்னு சொன்னிய?” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். போன தடவை என்று ஒன்று கிடையாது. கிழவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ அதில் எழுதி வைத்த மாதிரி. வாழ்நாள் பூராவும் ஊரார் கடிதாசியை விலாசம் தப்பாமல் கொண்டுசேர்த்த மனுஷன். பிறகு மெதுவாக, “சொல்லியிருப்பேன்” என்றார். அவ்வளவுதான். தூண் வந்துவிட்டது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிற வழியெல்லாம் இவரும் கூட வந்தவர்களும் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது அந்த ‘சொல்லியிருப்பேன்’ இவர் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது, வேறு யாருடைய எச்சிலோ மாதிரி. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடியும். சொன்னதாக ஒப்புக்கொண்டால் மறந்தது வெளியே தெரியாது. சொல்லவில்லை என்று கத்தினால், கத்தலாம், கத்துவதில் அவரை யார் ஜெயிப்பது, ஆனால் ஒருவேளை சொல்லியிருந்தால்?

“அம்மைக்காவத்தான் அண்ணாச்சி” என்றான் அவன். இவர் பேசாமல் இருப்பதை அவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். “அவளுக்கு இப்ப ஒண்ணும் நெனப்பில்ல. என்னியே ‘யாருய்யா’ன்னு கேக்கா. வாடகை வீட்டுல ராத்திரி பகல்னு இல்லாம எந்திரிச்சு வாசலுக்குப் போவா. போயி, கதவுல கால் முட்டிய வச்சுத் தூக்குவா. இந்தக் கதவ அப்பிடித் தூக்கித்தானே தாழ்ப்பாள இழுக்கணும், அந்தப் பழக்கம். அங்க இருக்கது பிளைவுட்டுக் கதவு. அது தூக்கவும் தூக்காது, இவ வச்சுக்கிட்டு நிப்பா. தொறக்கலன்னதும் அழுவா, அடைச்சுப் போட்டுட்டியளேன்னு.” மாசானமுத்து தலையாட்டினார். தலை ஆடினாலும் உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து விசிலடித்தான்: அம்மாவை இறக்கிவிட்டான் பார். பேரத்தில் அம்மா வந்தால் பையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது பாலபாடம். இவரே எத்தனை இடத்தில் அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார், அம்மா செத்துப் பதினேழு வருஷம் கழித்தும். ஆனாலும் எழுந்தார். கதவு கொட்டகைக்குள் சுவரோரம் நிலையோடு நிறுத்தி வைத்திருந்தது. ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் அதன் முன்னால் போய் நின்றார். வலது கதவு கொஞ்சம் தொங்கல். சரி செய்யவே இல்லை, நேரம் கிடைக்கவில்லை. கை தாழுக்குப் போயிற்று. முட்டி தானாகக் கதவின் நடுச்சட்டத்துக்கு அடியில் போய், இம்மிதான், ஒரு நெல் கனம்தான், தூக்கிக் கொடுத்தது. தாழ் ‘ளக்’ என்று வந்தது. “ஆமா, இப்பிடித்தான்! இதேதான்!” என்று பின்னாலிருந்து அவன் கத்தினான். அவன் குரலில் இருந்தது வியாபாரம் இல்லை. மாசானமுத்து தன் முட்டியைக் குனிந்து பார்த்தார். இது யார் சொல்லிக்கொடுத்தது இந்த முட்டிக்கு? அன்றைக்கு அந்த வீட்டில் யாரோ ஒருத்தி நின்று, இப்படித் தூக்குங்கள் என்று காட்டியிருக்க வேண்டும். முட்டி பிடித்துக்கொண்டது. தலை அவளை விட்டுவிட்டது. ஒரே உடம்புக்குள் இரண்டு குடித்தனமா நடக்கிறது? ரவுண்டானாவில் கை திருப்பிற்றே, அது இந்தக் குடித்தனம். பெயரைத் தொலைத்தது அந்தக் குடித்தனம். அந்தக் கடையத்துக் கிழவிக்கு மேல்வீடு இடிந்து கீழ்வீட்டில் விளக்கு எரிகிறது. நமக்கும் அப்படித்தானா, கடைசியில் முட்டி மட்டும் மிஞ்சுமா?

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, “ஆமா, உலகநாதன்தான் பேசுதேன். கடையிலதான் இருக்கேன். கேட்டுக்கிட்டிருக்கேன். வண்டிய ரோட்டுலயே நிப்பாட்டு” என்றான். உலகநாதன். மாசானமுத்து காத்திருந்தார். பெயர் கிடைத்தால் போதும், நூலைப் பிடித்து இழுத்தால் துணி வருவது மாதிரி மற்றதெல்லாம் வந்துவிடும் என்றுதானே இவ்வளவு நேரம் தவித்தது. உலகநாதன், உலகநாதன். ஒன்றும் வரவில்லை. ‘ச’வும் இல்லை, ஒரு எழவும் இல்லை. பெயர் அவர் கையில் சாவி மாதிரி இருந்தது, பூட்டுத்தான் இல்லை. அப்போதுதான் முதல்முறையாக அவருக்கு வேறு மாதிரி ஒரு சந்தேகம் தட்டியது. தொலைந்த பொருள் என்றால் கையில் கிடைத்ததும் ‘அட, இதுதானே’ என்று இருக்க வேண்டாமா? போன வருஷம் தொலைத்த கண்ணாடி பீரோவுக்குப் பின்னால் கிடைத்தபோது இருந்ததே. இது அப்படி இல்லை. இது கடையில் புதிதாக வாங்கின பொருள் மாதிரி இருக்கிறது. அப்படியானால் இந்தப் பெயர் உள்ளே போகவே இல்லை. உள்ளே வைக்காததை எங்கே போய்த் தேட? ஏன் வைக்கவில்லை என்று கேட்டால், அதற்குப் பதில் ஞாபகம் இருந்தது, நன்றாகவே இருந்தது. பதினாறு வயதில் தூத்துக்குடியில் மரக்கடை வைத்திருந்த பிச்சையா முதலாளியிடம் எடுபிடியாகச் சேர்ந்தபோது முதல் நாள் கன்னத்தில் விழுந்த அறை. ஒரு வீட்டை இடிக்கப் போயிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் அழுதாள், மாசானமுத்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். பளார். “விக்கவன் மொகத்தப் பாக்காதல. பாத்தா எரக்கம் வரும், எரக்கம் வந்தா வெல ஏறும். மரத்தப் பாரு.” அன்றிலிருந்து மரத்தைத்தான் பார்த்தார். நாற்பத்தெட்டு வருஷம். எத்தனை வீடு, இருநூறு இருக்குமா, முந்நூறு? ஒவ்வொரு வீட்டிலும் தூண், உத்தரம், கைமரம், சன்னல். பேசும்போதுகூடக் கண் கதவின் இரேகை ஓடுகிற பக்கமே ஓடும். முகம் இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் மட்டும் வரும், அந்தச் சத்தத்தோடு பேரம் பேசுவார். இது மறதி இல்லையோ? மறதி என்றால் இருந்தது போவது. இது ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று வாசலோடு திருப்பி அனுப்பினது. ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. நமக்கு அண்ணனுடைய வியாதி இல்லை. அடுத்த நிமிஷம் அந்த ஆறுதல் கசந்தது. வியாதி என்றாலாவது வந்தது என்று சொல்லலாம், இது நாமே பார்த்துப் பார்த்துச் செய்தது.

சரி, ஆனால் வாக்கு? முகத்தைப் பார்க்காவிட்டாலும் வாய் பேசியிருக்குமே. கொட்டகைக்குள் நின்றபடி, கதவில் கையை வைத்துக்கொண்டு, கடையத்துக்குத் திரும்பிப் போனார். பட்டாசாலை. கதவைக் கழற்றுகிறார்கள். வெளியே மழை பெய்கிறது. ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிற முற்றம். இந்த உலகநாதன் தலை நனைந்து நிற்கிறான், நீலச் சட்டை. இவர் அவன் தோளில் கையைப் போட்டு, ‘கவலப்படாதப்பா, கதவு எங்கிட்டதான் இருக்கும்’ என்கிறார். ஆ, இதோ இருக்கிறதே! பேச்சித்தாயைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இதோ பார், மழை முதற்கொண்டு ஞாபகம் இருக்கிறது. பிறகு நாற்பத்தெட்டு வருஷத்து மரக்காரன் விழித்துக்கொண்டான். புதுப் பலகையில் டீ டிகாஷனை அடித்து நூறு வருஷத் தேக்கு என்று தலையில் கட்ட வருகிறவனிடம் என்ன செய்வார்? முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பார், நகத்தால் ஒரு கீறு கீறுவார். கீறினார். கடையம் வீட்டை இறக்கினது பங்குனி. ஓடு இறக்கினவனுக்கு உள்ளங்கால் பொத்துப்போய், ஈரச்சாக்கை விரித்துத்தான் மேலே ஏற்றினார்கள், அது நிச்சயம். பங்குனியில் ஏது முற்றத்தில் கொட்டுகிற மழை? அந்த மழையை அவருக்குத் தெரியும். அவர் முதன்முதலாகத் தனியாக வீடு பேசி முடித்த கதையில் வருகிற மழை அது. ஆயிரம் தடவை சொன்ன கதை. இடி, மின்னல், நனைந்துகொண்டே கையடித்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பேச்சித்தாய்தான் ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னாள், “அது சித்திரை மாசம்லா. எங்கப்பாவும் கூடத்தான வந்தாவ. அவ்வோ சொல்லையில வெயிலு, நீங்க சொல்லையில மழை.” சண்டை போட்டார். தோற்றார். இருந்தாலும் இன்றைக்கும் அந்தக் கதையை நினைத்தால் மழைதான் பெய்கிறது. ஒரு வீட்டைப் பிரித்து நம்பர் போட்டு இன்னொரு ஊரில் கொண்டுபோய்க் கட்டும்போது கரையான் தின்ற கட்டைக்குப் பதிலாகக் கையில் கிடக்கிற கட்டையைச் சொருகுவோம். மறுபடி பிரிக்கிறவனுக்கு எது அசல் எது சொருகினது என்று தெரியாது, இரண்டிலும் நம்பர் இருக்கும். நீலச் சட்டை? கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். உலகநாதன் இப்போது போட்டிருப்பதுதான் நீலச் சட்டை. தூ. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஞாபகத்தை இந்த ஐந்து நிமிஷத்தில் அவரே இங்கே கிடக்கிற சாமானை வைத்துக் கட்டி எழுப்பியிருக்கிறார், அதுவும் தனக்கே விற்பதற்கு. அவன் சொல்வது பொய் என்பதற்கும் சாட்சி இல்லை, நிஜம் என்பதற்கும் இல்லை. உள்ளே இருக்கிற சாட்சி யார் கூப்பிட்டாலும் வருகிற சாட்சி.

வேறு வழியில்லை. கொட்டகையின் கோடியில் பட்டமுத்து ஆசாரி இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இவர் இறக்குகிற எல்லா வீட்டுக்கும் கூட வருகிறவர். அவரிடம் கேட்பதென்றால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது. நேராகக் கேட்காமல், சும்மா போகிறபோக்கில் கேட்கிற மாதிரி, ஒரு சன்னலை நிமிர்த்தி வைத்துக்கொண்டே, “ஓய் ஆசாரி, கடையம் வீட்டுல கதவு கழட்டையில நீரு இருந்தீருல்லா? இந்தத் தம்பிட்ட நான் என்னமும் சொன்னேனா வே?” என்றார். ஆசாரி இழைப்பதை நிறுத்தவில்லை. சுருள் சுருளாகச் சீவல் அவர் காலடியில் விழுந்தது. “கதவு எங்கிட்டதான் இருக்கும், வேணும்னா வந்து எடுத்துக்கோன்னா? அதத்தான் எல்லா வீட்டுலயும் சொல்லுவியள்லா அண்ணாச்சி” என்றார். “எல்லா வீட்டுலயுமா?” “பின்னே? கதவு கழட்டும்போதுதான பொம்பளையாளு ஒப்பாரி வைக்கும். வேலை நிண்ணுரும். நீங்க போயி அதச் சொல்லுவிய, அழுகை அடங்கும், நாங்க கழட்டுவோம். அம்பாசமுத்தரத்துல சொன்னிய, ஏரல்ல சொன்னிய. ஒருத்தனும் வந்ததில்ல.” தலையைத் தூக்கி உலகநாதனை ஒரு பார்வை பார்த்தார். “இப்பத்தான் ஒராளு வந்திருக்காரு.” சொல்லிவிட்டு இழைக்கக் குனிந்துகொண்டார், பெரிதாக ஒன்றும் சொல்லிவிடாதவர் மாதிரி.

மாசானமுத்து சன்னலைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது, மறுபடி சாய்த்தார். எல்லா வீட்டிலும். கடப்பாரை, கயிறு, ஆப்பு, சுத்தியல், அதோடு கூட அந்த வாக்கியமும் ஒரு சாமான். ஒவ்வொரு வீட்டிலும் எடுத்தார், வேலை முடிந்ததும் வைத்தார். எந்த வீட்டில் எந்த ஆப்பை அடித்தோம் என்று எவனாவது ஞாபகம் வைத்துக்கொள்வானா? ஒரு தடவை சொன்னது ஞாபகம் இருக்கும். முந்நூறு தடவை சொன்னது எந்த வீட்டிலும் தங்காது, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே மேடாகிவிடும். ஆனால் கேட்டவனுக்கு? அவன் ஒரு தடவைதான் கேட்டான். அவனுக்கு ஒரு வீடுதான் இடிந்தது. ஆறு வருஷம் அந்த வாக்கியத்தை உள்ளே வைத்து, அதைச் சுற்றி ஒரு புது வீட்டைக் கட்டி, வாசலில் ஓட்டை விட்டு வைத்துவிட்டு வந்து நிற்கிறான். அம்பாசமுத்திரத்தில் எவள் வைத்திருக்கிறாளோ. ஏரலில் எவனோ. ஊர் ஊராக, அவர் முகம்கூடப் பார்க்காத ஜனங்களின் தலைக்குள்ளே, மாசானமுத்துவின் வாக்குகள் பத்திரமாக இருக்கின்றன. அவர் தலையில்தான் இல்லை. வாக்கு மாறாதவன் என்று நாகர்கோவில் வரைக்கும் பெயர்! சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையாகிவிடுமோ என்று அடக்கினார். ஒருத்தனும் கேட்க வராததால் காப்பாற்றப்பட்ட பெயர்.

உலகநாதன் எழுந்து நின்றான். ஆசாரி சொன்னது அவன் காதிலும் விழுந்துவிட்டது, முகம் சுண்டிப்போயிருந்தது. “எல்லாருட்டயும் சொல்லுறதுதானா அண்ணாச்சி? நான் வேற...” என்று இழுத்தான். “பரவால்ல. உங்களுக்கு நெனப்பு இல்லன்னா சொல்லிருங்க, நான் போயிருதேன். வேற கதவு பாத்துக்கிடுதேன்.” இப்போது மாசானமுத்து அவன் முகத்தைப் பார்த்தார். பார்ப்பது கஷ்டமாக இருந்தது, வெயிலைப் பார்க்கிற மாதிரி கண் வேறு பக்கம் ஓடப் பார்த்தது, இழுத்துப் பிடித்து வைத்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். இடது புருவத்தில் ஒரு வெட்டு. மேலுதட்டில் வியர்வை. சவரம் செய்து இரண்டு நாள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, அம்மையோடு விழித்த கறுப்பு. அவன் பொய் சொல்கிறானா என்று பார்க்கவில்லை, சும்மா பார்த்தார். பார்க்கப் பார்க்க விலை ஏறிக்கொண்டே போயிற்று, பிச்சையா முதலாளி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. ‘சொல்லியிருப்பேன்’ நாக்கு நுனிக்கு மறுபடி வந்தது. அதைத் துப்பினார். “எனக்கு நெனப்பு இல்லப்பா” என்றார். சத்தமாக, ஆசாரிக்கும் கேட்கிற மாதிரி. இழைப்புளி நின்றது. “உன் பேரும் தெரியல, உன் மொகமும் தெரியல. வீடுதான் தெரியுது. அன்னைக்கு உங்கிட்டச் சொன்னது வாய்க்கு வந்ததச் சொன்னது. அது கெடக்கட்டும். இன்னைக்குச் சொல்லுதேன், கேட்டுக்கோ. கதவு உனக்குத்தான். ஏத்திக்கிட்டுப் போ.” உலகநாதன் நகரவில்லை. “விலை...” என்றான். “அதப் பெறவு பேசுவோம், பேசும்போது என்னிய மாதிரி ராட்சசன் கெடையாது, நல்லா அழுவப் போற” என்று எரிந்து விழுந்தார். “ஓய் ஆசாரி, என்ன வே வேடிக்கை பாக்கீரு? நிலையத் தனியா கழட்டும். வலது கதவுத் தொங்கலச் சரி பண்ணிரப்பிடாது, பாத்துக்கிடும். அது அப்பிடியே இருக்கணும்.”

பிறகு போனை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார். கிரிதரன் முதல் மணியிலேயே எடுத்தார். “அண்ணா, வண்டி கயத்தாறு தாண்டீருச்சுங்க. இன்னும் அரை மணி நேரந்தான்.” “கதவு இல்ல தம்பி. வண்டிய வேற சாமானுக்கு வேணும்னா வரச் சொல்லுங்க, இல்லன்னா திருப்பிருங்க. வண்டிக் கூலி எம்பொறுப்பு.” மாசானமுத்துவுக்குக் காது சூடாயிற்று. வாக்கு மாறுகிற இந்தக் காரியத்தை அவர் செய்ததில்லை, எப்படிச் செய்வது என்றே தெரியவில்லை, யாரிடமாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். “என்னங்ணா இப்படிச் சொல்றீங்க. போன வாரம் கையடிச்சுக் குடுத்தீங்களே.” கோபம் இல்லை அந்தக் குரலில். பிறகு அது இன்னும் இளகிற்று, பெரியவர்களிடம் பேசுகிற இளக்கம், வீட்டில் இரண்டு மாசமாக அவர் கேட்டுவருகிற அதே இளக்கம். “பரவாயில்லீங்ணா. வயசாச்சுங்கள்ல. எங்கிட்ட சொன்னதை மறந்துட்டு வேற யாருக்கோ குடுத்துட்டீங்களாட்ட இருக்குது. மறதிதானுங்க, தப்பில்லைங்க.” தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்தால் போதும். ஆமாம் தம்பி, மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை, நாகர்கோவில் வரைக்கும் பெயர் அப்படியே இருக்கும், கிழவர் பாவம் என்பதோடு முடியும். பின்னால் ஆசாரி ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது.

“மறக்கல தம்பி” என்றார் மாசானமுத்து. “போன செவ்வாக்கிழமை, மத்தியானம், சாப்பாட்டு நேரம். நீங்க வெள்ளச் சட்டை போட்டிருந்திய. கையடிச்சுத் தாரேன்னு சொன்னேன். எல்லாம் நல்லா நெனப்பிருக்கு. தெரிஞ்சுதான் மாறுதேன்.”